வீட்ல ஆள் இருக்கு

மாதத்துக்கு ஒருமுறை எதிர்வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பொய்யைச் சொல்வார்கள். இரண்டும் என் காதில் விழும். விழாமல் இருக்க நான் என்ன கோட்டையிலா குடியிருக்கிறேன்? எங்கள் கட்டிடத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு என் தையல் மிஷின் வாசல் கதவை ஒட்டிக் கிடக்கிறது. வெளிச்சம் அங்கேதான் வரும். கதவைத் திறந்து வைத்துத்தான் தைப்பேன். எதிரே அவர்கள் வாசல்.

அவன் பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்ப்பவன். அவன் படியேறி வருமுன்பே டீசல் வாசனை வந்துவிடும். அவன் பெண்டாட்டி அதே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். வார்டு விரிப்பு, டாக்டர்கள் அங்கி, நோயாளிகள் உடுப்பு என்று மலை மலையாக வரும் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெளுத்துக் கொடுக்கிற கூட்டத்துக்கு அவள் தலைவி. ஒரே ஆஸ்பத்திரிதான். ஆனால் ஜெனரேட்டர் ஒரு கம்பெனி, சலவை இன்னொரு கம்பெனி. அவனுக்கு மேலே இருப்பவனுக்கு இவளைத் தெரியாது, இவளுக்கு மேலே இருப்பவளுக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு ராத்திரி வேலை, இவளுக்குப் பகல் வேலை. வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. படியில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம்.

ஏன் எந்நேரமும் ஒருவர் வேண்டும் என்றால், வாசலைப் பார்த்தபடி கட்டிலில் கண்டக்டர் படுத்திருக்கிறார். அவனுடைய அப்பா. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தே ஆயுசைக் கழித்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், வாய்த்துடுக்கு மட்டும் குழறவே இல்லை. என் மிஷின் சத்தம் அவருக்கு ஆகாது. அவர் ரேடியோ எனக்கு ஆகாது. "ஏ மிஷின்காரம்மா, அது என்ன தையல் மிஷினா, கல்லு உடைக்கிற மிஷினா?" என்று அவர் ஆரம்பிப்பார். "நீங்க பாட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, நான் மிஷினைக் கம்மி பண்றேன்" என்பேன். இரண்டு பேரும் கம்மி பண்ணியதே இல்லை.

அவர் தொண்டையும் பாதி செத்துவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீரைச் சும்மா கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் தண்ணீரில்கூட டப்பா மாவைக் கலந்து கெட்டியாக்கி, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்திப் பிடித்து, கால் கரண்டி கால் கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒவ்வொரு வாயும் இறங்கியதும் அவர் "ரைட்" என்பார். குரல் தெளிவாக வந்தால் வழி சுத்தம். கொரகொரவென்று வந்தால் உள்ளே ஏதோ நிற்கிறது. ரைட் வராமல் அடுத்த கரண்டி கிடையாது. அந்த வீட்டின் சட்டம் அது.

இப்போது அந்தப் பொய்யைச் சொல்கிறேன். கொள்ளை நோய் ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். வெளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே போனவர்கள் நோய் அடங்கும்வரை உள்ளேயே தின்று, உள்ளேயே தூங்கி, உள்ளேயே வேலை பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் உள்குழு. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களை மாதம் ஒருமுறை போனில் கூப்பிட்டு ஒத்திகை பார்க்கும். நாளைக்கே கூப்பிட்டால் வருவீர்களா, வீட்டில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?

அவன் அந்த போனைப் படி திருப்பத்தில் நின்று பேசுவான். "வரேன் சார். வீட்ல ஆள் இருக்கு சார்." அவள் துணி காயப்போடும் பால்கனியில் நின்று பேசுவாள். "ரெடி மேடம். வீட்ல ஆள் இருக்கு மேடம்." புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன். வெளியில் வந்து ஏன் பேசுகிறார்கள் என்று யோசிக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கவே நேரம் போதாதவளுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?

அப்புறம் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. முதலில் செய்தியில் வந்தது, பிறகு சந்தைக்கு வந்தது, பிறகு அடுத்த தெருவுக்கு வந்தது. மழை வேறு விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தது. தைத்த துணியில்கூட ஈரவாடை. கடைகள் பாதிக் கதவைத்தான் திறந்தன. கீழ்வீட்டுக்காரி, எதிர்வீட்டு இரண்டு பேரும் படியிறங்கிப் போன பிறகு கைப்பிடிக் கம்பியை மருந்து போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரிக்காரங்க, நமக்கெதுக்கு வம்பு" என்று என்னிடம் குசுகுசுத்தாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "உனக்கு மூச்சு முட்டினா எங்கடி போவே?" என்றேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அன்று காலை அவன் ராத்திரி வேலை முடித்து வந்து தலையணையில் தலை வைக்கவில்லை, போன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், அவள் போனும் அடித்தது. அவன் படிக்கு ஓடினான். அவள் பால்கனிக்கு ஓடினாள். சற்று நேரம் கழித்து வாசலில் இரண்டு பைகள் இருந்தன. ஏற்கெனவே கட்டி எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பைகள். அவன் பை கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது, அவள் பை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

இரண்டு பேரும் இரண்டு பைகளையும் பார்த்தார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை.

"இது என்ன பை?" என்றான் அவன்.

"உங்க பை என்ன பை?"

"நான் உள்குழு. போன வருஷத்துலருந்து. சாயங்காலம் கதவு சாத்தறாங்க."

"நானும்தாங்க உள்குழு."

"உன்னை யாரு சேரச் சொன்னா?"

"உங்களை யாரு சேரச் சொன்னா?"

"வீட்ல ஆள் இருக்கான்னு கேட்டாங்க. நீ இருக்கேல்ல, அதான் இருக்குன்னேன்."

"நானும் உங்களை நெனச்சுத்தாங்க இருக்குன்னு சொன்னேன்."

கட்டிலிலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. "அட அறிவாளிங்களா. அவன் படியில நின்னு சொன்னதும் கேட்டுச்சு, இவ பால்கனியில சொன்னதும் கேட்டுச்சு. சரி, நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுச் சொல்றாங்க போலன்னு நெனச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போகாதே" என்றான் அவன். "நீ தொடுறது பூரா நோயாளி படுத்த துணி. வந்தா முதல்ல உனக்குத்தான் வரும். அதுக்குத்தான் நான் முந்திக்கிட்டேன். நான் உள்ள போனா நீ வீட்ல இருப்பேல்ல."

"உங்க நெஞ்சு ஏற்கெனவே டீசல் புகையில இழுத்துக்கிட்டு கெடக்கு. காய்ச்சல் வந்தா தாங்குமா? அதுக்குத்தாங்க நான் முந்திக்கிட்டேன்."

இப்படி ஒரு கூத்தை நான் கண்டதில்லை. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் ஒரே குழிக்குள் காலை விட்டிருக்கிறார்கள். அழுவதா, இரண்டு பேர் தலையிலும் குட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, இப்ப நான் போறேன், நீ இரு" என்றான். "இன்னொரு ஆபரேட்டருக்குக் காய்ச்சல், அவன் வர மாட்டான். மெயின் கரண்ட் போச்சுன்னா மூச்சு மிஷின் அத்தனையும் நிக்கும். வேற ஆள் கிடையாது."

"நான் ஏறலைன்னா என் லாண்டரிப் பொண்ணுங்க ஒருத்தியும் வண்டியில ஏற மாட்டாங்க. அக்கா வந்தா வரோம்னு சொல்லித்தான் வீட்ல சண்டை போட்டுட்டு நிக்கிறாங்க. துணி வெளுக்கலைன்னா டாக்டர் எதைப் போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள போவாரு? நோயாளியை எதுல படுக்க வைப்பாங்க?"

"அப்ப அப்பா?"

அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரியம்மாவைக் கூப்பிட்டான். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தான். அங்கே பின்னால் ஒரே இரைச்சல். ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

"மேடம், எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க. ஒருத்தரை விட்டுடுங்க."

"ரெண்டு பேரும்னா? நீங்க ஜெனரேட்டர். அவங்க?"

"லாண்டரி. என் வீட்டுக்காரி மேடம்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்க கம்பெனி தனியா ஆள் குடுத்தாங்க, அவங்க கம்பெனி தனியாக் குடுத்தாங்க. வீட்ல ஆள் இருக்குன்னு ரெண்டு பேரும் சொல்லியிருக்கீங்க. ஒத்திகையெல்லாம் நல்லாத்தானே போச்சு?"

"ஒத்திகை அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டோமே மேடம்."

"இப்ப நான் யாரை விடறது சொல்லுங்க? உங்களை விட்டா கரண்டுக்கு ஆள் இல்ல. அவங்களை விட்டா சலவை நிக்குது."

"அப்பாவை அங்க சேர்த்துக்குங்க மேடம். ஒரு மூலையில கெடப்பாரு."

"இருக்கற நோயாளிங்களையே வெளியில அனுப்பிட்டு இருக்கோம். தொண்டை வேலை செய்யாத ஆளைக் காய்ச்சல் வார்டு பக்கத்துல கொண்டாந்து போடச் சொல்றீங்களா?" அந்தம்மாவின் குரல் திடீரென்று தேய்ந்தது. "ஏங்க, எனக்கும் சின்னப் பொண்ணு இருக்கா. எதிர்வீட்ல உக்கார வச்சுட்டு, வீட்ல ஆள் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் நானும் வந்திருக்கேன். இங்க அத்தனை பேரும் அதையேதான் சொல்லிட்டு வந்திருக்காங்க போல. ஏதாவது பண்ணுங்க. பண்ணிட்டுச் சொல்லுங்க."

போன் அணைந்தது. எத்தனை கம்பெனி, எவ்வளவு திட்டம், எத்தனை ஒத்திகை! மருந்துக்கு வழி செய்தார்கள், டீசலுக்கு வழி செய்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் யாரோ ஒருவர் இருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்கள். அந்த யாரோ யார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கீழே வண்டி ஹார்ன் அடித்தது. சலவைக் கம்பெனி வேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்ட பெண்கள் மழைக்குள் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது இவளை.

"நான் போறேங்க" என்று எழுந்தாள்.

"நீ போனா நான் எப்படிப் போறது?"

"நீங்க போகாதீங்க."

"கரண்டு போனா?"

"போனா போகட்டும்!" என்று கத்தினாள். கத்தியவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அது எத்தனை பேர் மூச்சு என்று அவளுக்கும் தெரியும்.

கண்டக்டர் இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பலாம் என்று பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவார்களே, அந்தத் தட்டு. "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார்.

"மாமா, சும்மா இருங்க."

"அம்மாடி, எனக்கு வாதம் வந்து அங்க கெடந்தப்ப கரண்டு போச்சு. மூஞ்சியில மாட்டுன மிஷின் நின்னு போச்சு. இருட்டுல எல்லாரும் கத்துறாங்க. அப்ப கீழ இருந்து ஜெனரேட்டர் குடுகுடுன்னு கிளம்புன சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. என் மவன் கிளப்பின வண்டி அது. நான் நனைச்சுப்போட்ட விரிப்பெல்லாம் உன் கையால வெளுத்து வந்தது. இன்னிக்கு அங்க எவன் அப்பனோ கெடக்கிறான். அவனுக்கு யாரு போறது?"

"உங்களுக்கு யாரு மாமா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வண்டியில ஏறுற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். தண்ணி கூட வேண்டாம். காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல, ஞாபகம் வச்சுக்குங்க."

சொன்னபடி உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் ஓடிப் போய்க் கெட்டித் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். கரண்டியை உதட்டில் வைத்தாள். கெஞ்சினாள். அவன் "அப்பா, விளையாடாதீங்க" என்று முகவாயைப் பிடித்தான். கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே ஹார்ன் விடாமல் அடித்தது.

நான் எப்போது எழுந்தேன், எப்போது அந்த வாசலைத் தாண்டினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சலுக்கு நான் பயப்படவில்லை. அந்தக் கரண்டிக்குத்தான் பயந்தேன். தப்பாக ஒரு வாய் ஊட்டி ஆள் என் கையிலேயே போய்ச் சேர்ந்தால் நான் எப்படி மறுபடி மிஷினில் உட்காருவேன்?

"கண்டக்டரே" என்றேன். "பிடிவாதம் போதும். நான் குடுத்தா குடிப்பீங்களா?"

சுவர்ப் பக்கமிருந்து முகம் மெல்லத் திரும்பியது. "மிஷின்காரி கையாலயா? தண்ணியில ஊசி கெடக்கும்."

"கெடந்தா உங்க வாயைத் தைச்சுடலாம். குடிப்பீங்களா மாட்டீங்களா?"

"மிஷினை நிறுத்துவியா?"

"ரேடியோவை நிறுத்துவீங்களா?"

அவர் வாயைத் திறந்தார்.

அவள் என் பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, முதுகுக்குத் தலையணை. நிமிர்ந்து உக்காரணும். தாடையை மேல தூக்கவே கூடாது, கீழ பாக்கணும். கரண்டி நுனியில மட்டும் எடுங்க. இடது கன்னத்துப் பக்கமா வைங்க, அந்தப் பக்கம்தான் உணர்ச்சி இருக்கு. வச்சுட்டு அவசரப்படாதீங்க. தொண்டையில ஏறி இறங்குறதைப் பாருங்க."

வைத்தேன். குரல்வளை மேலே போனது, நின்றது, கீழே இறங்கியது.

"ரைட்" என்றார் கண்டக்டர்.

அவள் விம்மி அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "ரைட் வரலைன்னா முன்னாடி சாய்ச்சு முதுகைத் தாங்குங்க, அவரே இருமட்டும். வாயில விரலை விடாதீங்க. தண்ணி குடுக்காதீங்க. ஊட்டி முடிச்சதும் உடனே படுக்க வைக்காதீங்க. பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், முதுகு புண்ணாயிடும். அக்கா, நீங்க தனி ஆளு, உங்களுக்கு ஏதாவது…"

"போடி போ. கீழ அவன் ஹார்னை உடைச்சுடுவான்."

அவன் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான். வீட்டுக்கென்று இருந்த போனைக் கட்டிலில் என் பக்கமாக வைத்தான். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவளும் பின்னால் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் படியிறங்கி அன்றுதான் பார்த்தேன். வேனில் அவளைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் கத்திய கத்தல் மாடிவரை கேட்டது. வண்டி திரும்பிய சத்தம் கேட்டதும் கிழவர் கட்டிலை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் பார்க்காதது போல மாவு டப்பாவைத் துடைத்து வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டை மிக்ஸியில் போட்டு மைய அரைத்தேன். நிமிர்த்தி உட்கார வைப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. "மூட்டைக்குத் தனி டிக்கெட்" என்றார். "பேசாம சாப்பிடுங்க" என்றேன். ஒரு கரண்டி, ரைட். இன்னொரு கரண்டி, ரைட். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் கரண்டியில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

ரைட் வரவில்லை.

குரல்வளை மேலே போய் அங்கேயே நின்றது. அவர் கண் என்னையே பார்த்தது. அந்தச் சமயம் பார்த்து அவன் வைத்துவிட்டுப் போன வீட்டு போன் அடித்தது. நான் கிண்ணத்தையும் கரண்டியையும் கீழே போட்டேன். ஒரு கையால் அவர் நெஞ்சையும் ஒரு கையால் முதுகையும் தாங்கி முன்னால் சாய்த்தேன். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. "இருமுங்க, இருமுங்க கண்டக்டரே" என்று கத்தினேன். ஒரு சின்ன இருமல் வந்தது. காற்றில்லாத இருமல். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. என் இரண்டு கையும் அவர் மேல்தான். எந்தக் கையை எடுக்க? விரலை விட்டு எடுக்கலாமா என்று கை துடித்தது. விடாதீங்க அக்கா என்ற குரல் காதுக்குள் கேட்டது. விடவில்லை. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். போன் மூன்றாவது தடவையாக அடித்தது.

அவர் உடம்பு முழுக்க ஒரு குலுக்குக் குலுக்கியது. அடித்தொண்டையிலிருந்து பெரிய இருமல் ஒன்று கிளம்பி, வாயில் நின்றதெல்லாம் என் சேலையில் வந்து விழுந்தது. பிறகு இன்னொரு இருமல். பிறகு மூச்சு. அந்த மூச்சு உள்ளே போன சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பேசுங்க. ஏதாவது பேசுங்க."

அவர் வாயை அசைத்தார். முதலில் கொரகொரவென்று வந்தது. இன்னொரு தடவை செருமினார்.

"ரைட்" என்றார். தெளிவாக இருந்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் முதுகில் ஒரு கையை வைத்தபடி இன்னொரு கையால் போனை எடுத்தேன். அதிகாரியம்மா. பின்னால் அதே இரைச்சல்.

"எத்தனை தடவை கூப்பிடறது? கதவு சாத்தறதுக்கு முன்னாடி எல்லா வீட்டையும் ஒரு தடவை கேட்டுக்கிட்டு இருக்கோம். இங்க அவங்க ரெண்டு பேரும் என் எதிர்லதான் நிக்கிறாங்க, பேயறைஞ்ச மாதிரி. ஏன் போனை எடுக்கல? வீட்ல ஆள் இருக்கா, இல்லையா?"

"ஆள் இருக்கறதாலதாம்மா எடுக்கல" என்றேன்.

கிழவர் என் கையிலிருந்த போனைப் பார்த்து, இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அது அவர்கள் காதில் விழுந்திருக்கும். "கதவைச் சாத்திக்குங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கீழே கிடந்த கரண்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.